பசுவுக்கு வந்த மவுசு

'அடாப்ட் மீ' விளையாட்டில் சிறுபிள்ளைகள் பண்டமாற்றுப் பேசுவதைக் கவனித்தால், மாட்டுச் சந்தைத் தரகர்கள் தோற்றார்கள் போங்கள்! ராப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் 2017-ல் வந்த இந்த விளையாட்டில், கைமாறும் வளர்ப்புப் பிராணிகளுக்கு யாரும் விலை ஒட்டி வைப்பதில்லை. ஆடுபவர்களே மதிப்புப் போடுகிறார்கள்.

அரிய பிராணிகளின் உச்சப் படியான 'லெஜண்டரி' என்ற முத்திரையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பண்ணை முட்டையில் பொரிந்த பசு, அதற்கு இரண்டு படி கீழான 'ரேர்' வகை. அந்த முட்டை விற்பனை நின்றுபோனதால், பல லெஜண்டரிகளைவிடப் பசுவுக்கே கிராக்கி. 2019 ஹாலோவீனுக்கு வந்த ஷேடோ டிராகனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது நியான் கணக்கு. முழுதாக வளர்ந்த ஒரே இனப் பிராணிகள் 4 சேர்ந்தால், ஒளிரும் வடிவமான ஒரு நியான். 4 நியான் சேர்ந்தால் மெகா நியான். ஆக மெகாவுக்கு 16 பிராணிகள். மதிப்பும் 16 மடங்கா? அங்கேதான் தேர்ந்த கண் வேண்டும். சாதாரண நாய் என்றால் வளர்த்த உழைப்புக்கு மதிப்பு. அரிய டிராகன் என்றால், ஒரே இனத்தில் அத்தனையைத் தேடிப் பிடித்ததற்கே மதிப்பு.

மதிப்புப் போடத் தெரிந்தாலும், 'முதலில் நீ கொடு, அப்புறம் நான் தருகிறேன்' என்று ஏமாற்றப் பார்ப்பவரிடம் மட்டும் பேரமே வேண்டாம்.