கிச்சிஜிரோவின் கேள்வி

ஷூசாகு எண்டோவின் 'சைலன்ஸ்' (1966) நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் பாதிரியார் ரோட்ரிகஸைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த நாவலே கிச்சிஜிரோதான்.

17ஆம் நூற்றாண்டு ஜப்பான். கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட காலம். இயேசுவின் உருவத்தை மிதித்தால் உயிர் பிழைக்கலாம். கிச்சிஜிரோ மிதிக்கிறான். அழுதுகொண்டே பாவமன்னிப்பு கேட்டு வருகிறான். மறுபடியும் மிதிக்கிறான். ரோட்ரிகஸையே காட்டிக்கொடுத்துவிட்டு, அவர் பின்னாலேயே வந்தும் நிற்கிறான்.

இன்னொரு யூதாஸ் என்று சுலபமாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அவன் கேட்பது சின்னக் கேள்வி இல்லை. துன்புறுத்தல் இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் அவனும் நல்ல கிறிஸ்தவனாகவே செத்திருப்பான், இல்லையா?

பொறியியல் படித்தவனுக்கு இது புரியும். சுமை ஏற்றிப் பார்க்கும்வரை எல்லாக் கம்பியும் நேராகத்தான் நிற்கும். இயேசு கற்றுத்தந்த ஜெபமும் சோதனையில் ஜெயிக்கும் பலத்தைக் கேட்கவில்லை. சோதனைக்குள் போகாமல் காப்பாற்றவே கேட்கிறது.

ரோட்ரிகஸின் சோதனை வேறு. மறைசாட்சியாகச் சாகும் பெருமை. சிறையில் காவலாளியின் குறட்டை என்று நினைத்து அவர் சிரித்தது, குழிக்குள் தலைகீழாகத் தொங்கும் விசுவாசிகளின் முனகலை. அவர் மிதித்தால்தான் அவர்களை இறக்குவார்கள். மிதிக்கிறார். கிச்சிஜிரோவின் பாவமன்னிப்பை அருவருப்பில்லாமல் கேட்க அதன் பிறகுதான் அவரால் முடிகிறது.

ஒரு குறை உண்டு. மிதிக்கும் நொடியில் கிறிஸ்துவைப் பேசவைத்து, எண்டோ அந்த மௌனத்தைக் கொஞ்சம் சீக்கிரமே உடைத்துவிடுகிறார். கிச்சிஜிரோவுக்கு அப்படி ஒரு குரலும் கேட்பதில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறான்.