ஒரு ஜோடி அடிடாஸ்

சிப்பாய் பையனைப் பிடித்துவிட்டான். சுற்றிலும் குடிசைப் பகுதியை ராணுவம் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறது. தான் இந்த இடத்துக்காரன் இல்லை என்கிறான் பையன். சிப்பாய் நம்பவில்லை. பையன் தன்னைப் பார்க்கச் சொல்லிக் கத்துகிறான். சிப்பாயின் கண் தலையிலிருந்து இறங்கி, காலில் கிடக்கும் அடிடாஸ் ஷூவில் வந்து நிற்கிறது. பிடி தளர்கிறது. பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவனுடைய சிநேகிதன் அங்கேயே நிற்கிறான்.

சிலி நாட்டு இயக்குநர் ஆந்த்ரேஸ் வுட்டின் ‘மச்சூக்கா’ (2004) படத்தை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இந்தக் காட்சி.

சர்வாதிகாரக் காலத்தைச் சிறுவர்களின் கண்வழியே சொல்வது லத்தீன் அமெரிக்க சினிமாவில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அர்ஜென்டினாவின் ‘கம்சாட்கா’ (2002) அப்படித்தான். 1970 கால்பந்து உலகக் கோப்பைக் காலத்தில் நடக்கும் பிரேசில் படம் ஒன்றும் உண்டு. இதில் பெரிய வசதி, யாரும் மேடைப் பேச்சு பேச வேண்டியதில்லை. ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்ற சொல் பிள்ளைக்குத் தெரியாது. அப்பா ரேடியோவின் ஒலியைக் குறைப்பது தெரியும். ஆனால் இதே வசதிதான் ஆபத்தும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பதால் பார்க்கிற நமக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்றாகிவிடுகிறது. ராணுவம் புயல் மாதிரி வருகிறது, பெற்றோரை அடித்துக்கொண்டு போகிறது. புயலை யார் அழைத்தது என்று யார் கேட்பார்கள்? நாம் அழுதுவிட்டு வெளியே வருகிறோம், கை சுத்தமாக.

‘மச்சூக்கா’ கையைச் சுத்தமாக விடுவதில்லை. இடம் சாந்தியாகோ, ஆண்டு 1973. இடதுசாரி அதிபர் சால்வடோர் அலெண்டேயின் ஆட்சி தள்ளாடுகிறது. வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளியில், பாதிரியார் மெக்கென்ரோ ஆற்றங்கரைக் குடிசைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார். இது கற்பனை அல்ல. செயின்ட் ஜார்ஜ் கல்லூரி என்ற பள்ளியில் ஜெரார்டோ வீலன் என்ற பாதிரியார் செய்து பார்த்த காரியம்; வுட் அங்கே படித்தவர், படத்தை அவருக்கே அர்ப்பணித்திருக்கிறார். கொன்சாலோ இன்ஃபாந்தேயும் பேத்ரோ மச்சூக்காவும் அங்கேதான் நண்பர்களாகிறார்கள். (ஸ்பானிய மொழியில் ‘இன்ஃபாந்தே’ என்றால் குழந்தை, அரசகுமாரன் என்று இரு பொருள். ‘மச்சூக்கார்’ என்றால் நசுக்குவது.)

பேத்ரோவும் அவனுடைய குடிசைப் பகுதித் தோழி சில்வானாவும் வலதுசாரி ஊர்வலத்திலும் கொடி விற்கிறார்கள், இடதுசாரி ஊர்வலத்திலும் விற்கிறார்கள். பிழைப்புக்குக் கட்சி கிடையாது. கெட்டிப்பால் டின் ஒன்றை வைத்துக்கொண்டு மூவரும் முத்தம் பழகுகிறார்கள். கடைகளில் பண்டம் கிடைக்காத காலத்தில் அந்த இனிப்பு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை வசனமில்லாமலே காட்டிவிடுகிறார் வுட். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, ராணுவம் எடுத்துக்கொண்ட பள்ளியின் சிற்றாலயத்துக்குள் மெக்கென்ரோ நுழைகிறார். நற்கருணை அப்பங்களை எல்லாம் எடுத்து வாயில் போட்டு விழுங்குகிறார். இனி இங்கே கடவுள் இல்லை. பையன்கள் திகைத்துப்போய்ப் பார்க்கிறார்கள், நாமும்தான்.

குறைகளும் சின்னவை அல்ல. தலைப்பு மச்சூக்காவுடையது, படம் இன்ஃபாந்தேயுடையது. குடிசைக்குள் பெரும்பாலும் கொன்சாலோவின் தோளைத் தொற்றிக்கொண்டுதான் நாம் நுழைகிறோம். பேத்ரோவின் குடிகார அப்பா, இந்தப் பணக்காரப் பையன் ஒருநாள் முதலாளியாவான், அப்போதும் தன் மகன் கக்கூஸ்தான் கழுவிக்கொண்டிருப்பான், அவன் பெயரைக்கூட இவன் மறந்துவிடுவான் என்று சொல்லும் இடம் நெஞ்சில் தைக்கிறது. ஆனால் அதைக் கேட்ட பேத்ரோவின் மனதுக்குள் என்ன ஓடியது என்று படத்துக்குத் தெரியவில்லை. தன் தந்தையை அடிக்கும் சிப்பாய்களைத் தடுக்கப் போய் சில்வானா சுடப்பட்டுச் சாகிறாள். அந்தச் சாவும் கொன்சாலோவின் பாடமாகவே முடிகிறது. மேல்தட்டின் துரோகத்தைக் காட்ட அவன் அம்மாவுக்கு ஒரு கள்ள உறவு தேவைப்பட்டிருப்பது சோம்பேறித்தனம். ஒரு வர்க்கத்தின் குற்றத்தைப் பெண்ணின் படுக்கையில் கொண்டுபோய் வைப்பது நம் சினிமாவுக்கும் பழகின தந்திரம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஷூ மிஞ்சுகிறது. அந்தக் கணத்தில் கொன்சாலோ அப்பாவி இல்லை. தன் வர்க்கம் எதற்குப் பயன்படும் என்று அவனுக்குத் தெரிகிறது, பயன்படுத்துகிறான். பதினோரு, பன்னிரண்டு வயசுப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. மன்னிக்கவும் படம் இடம் தருவதில்லை. 2004இல்தான் சர்வாதிகாரி பினோசே காலச் சித்திரவதைகளை விசாரித்த வலேக் ஆணையத்தின் அறிக்கையும் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளாகத் தெரியாதது போல் இருந்தவர்கள் பலர் அந்த ஷூவைத் திரையில் பார்த்திருப்பார்கள்.

சில்வானாவாக நடித்த மனுவேலா மார்தெல்லி பின்னாளில் இயக்குநரானார். அவருடைய ‘1976’ (2022) படத்தின் நாயகி ஒரு வசதியான வீட்டுப் பெண். நடித்தவர் அலீன் குப்பன்ஹைம், கொன்சாலோவின் அம்மாவாக நடித்த அதே நடிகை. தொடக்கக் காட்சியில் அவள் கடையில் நின்று வீட்டுக்குப் பெயின்ட் கலக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெளியே ஒரு பெண்ணை இழுத்துப் போகும் சத்தம் கேட்கிறது. ஒரு சொட்டு இளஞ்சிவப்புப் பெயின்ட் அவள் ஷூவின் மேல் விழுகிறது.