ஆட்சி மாறும் நாட்களில் அவையின் ஊழியர்

தோற்ற அமைச்சர்கள் தங்கள் அறைகளைக் காலிசெய்துவிட்டு, வென்றவர்கள் இன்னும் பதவிப் பிரமாணம் செய்துகொள்ளாதிருக்கும் அந்தச் சில தினங்களில், ஒரு நாட்டின் சட்டசபையை உயிரோடு வைத்திருப்பவர் யாவர் என்று வினவினால், அரசியல் விவகாரங்களை அன்றாடம் விவாதிக்கும் நம்மவர்களிற் பலருங்கூட விடை சொல்லத் தயங்குவர். அவையின் செயலகத்திலே கோப்புகளோடும் விதிகளோடும் ஆயுளைக் கழித்த உத்தியோகஸ்தர்களே அவர்கள். இலங்கையும் இந்தியாவும் பிரிட்டிஷ் பாராளுமன்ற சம்பிரதாயத்தின் வழி வந்தவையேயெனினும், ஆட்சி மாறுகின்ற வேளையில் இவ்வூழியர்களை எந்த ஸ்தானத்தில் நிறுத்துவது என்பதில் அவ்விரண்டும் வெவ்வேறு வழி சென்றுள்ளன.

இந்தியாவில் அவை கலைக்கப்பட்ட பின்னரும், புதிய அவையின் முதற் கூட்டத்துக்குச் சற்று முன்வரை, பழைய அவைத் தலைவர் பதவியில் நீடிக்கிறார். தேர்தலில் அவரே தோற்றிருந்தாலும் அரசியல் சாசனம் அவரை அதுவரை விலக்குவதில்லை. அவர் விலகியதும், மூத்த உறுப்பினர் ஒருவர் தற்காலிகத் தலைவராக நியமிக்கப்பெற்று, அவர் முன்னிலையில் மற்றவர்கள் உறுதிமொழி ஏற்ற பிறகே நிரந்தரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2021ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, கலைவாணர் அரங்கில் கூடிய பேரவையில் கு. பிச்சாண்டி தற்காலிகத் தலைவராயிருந்து உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்வித்ததும், மறுநாள் மு. அப்பாவு பேரவைத் தலைவரானதும் இம்முறைப்படியே. செயலாளர் வேட்புமனுக்களைப் பெற்று, விதிகளை எடுத்துக்காட்டி, பின்னாலேயே நிற்கிறார்.

இலங்கையிலோ நிலைமை முற்றிலும் வேறு. பாராளுமன்றம் கலைந்தவுடனேயே சபாநாயகரின் பதவியும் வெறிதாகிவிடுகிறது. தற்காலிகத் தலைவர் என்றொரு பதவி அங்கில்லை. புதிய சபை கூடும் நாளில், உறுப்பினர்கள் சத்தியப் பிரமாணம் செய்வதற்கு முன்னரே சபாநாயகர் தெரிவு நடைபெறுகிறது. அதை நடத்துபவர், மக்களின் வாக்கால் வராத ஓர் ஊழியராகிய செயலாளர் நாயகம். பெரும்பான்மை தெளிவாயிருக்கும் ஆண்டுகளில் இது சில நிமிஷங்களில் முடிந்துபோகும் சடங்கு. ஆனால் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆந் தேதி அவ்வாறு முடியவில்லை. எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காத அந்தச் சபையில், ஆளுங்கட்சியின் வேட்பாளராகிய டி. ஈ. டபிள்யூ. குணசேகரவுக்கும் எதிர்க்கட்சி நிறுத்திய லொக்குபண்டாரவுக்கும் இடையில் வாக்கெடுப்பு திரும்பத் திரும்ப நடந்து, கூச்சலுக்கும் தள்ளுமுள்ளுக்கும் நடுவே, இறுதியில் 109க்கு 110 என்ற கணக்கில் ஒரேயொரு வாக்கினால் தீர்ந்தது. அன்றைய நாள் முழுவதும் அந்தப் பாரத்தைத் தாங்கியவர் செயலாளர் நாயகம் பிரியாணி விஜேசேகர. 2022ஆம் ஆண்டு ஜூலையில், ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிய பின்னர், எஞ்சிய பதவிக்காலத்துக்கு உறுப்பினர்களே புதிய ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய நேர்ந்தபோதும், வேட்புமனு ஏற்றதிலிருந்து 134, 82, 3 வாக்குகள் என்ற முடிவை அறிவித்தது வரை, தெரிவத்தாட்சி அலுவலராய் நின்றவர் அப்பதவியை அப்போது வகித்த தம்மிக்க தசநாயக்கவே.

இந்தியா தன் ஊழியர்களை முன்வரிசையில் நிறுத்தாமல் இருந்ததற்காக அவர்களுடைய சுதந்திரத்தை அலட்சியம் செய்தது என்று கருதலாகாது. மத்திய சட்டசபையின் தெரிவுசெய்யப்பட்ட முதலாவது தலைவராக 1925இல் வந்த விட்டல்பாய் படேல், தமக்கு ஆலோசனை கூறும் ஊழியர்கள் அரசாங்கத்தின் சட்ட இலாகாவுக்கே கட்டுப்பட்டிருக்கக் கண்டு மனம் பொறாதவரானார். மசோதாவை அரசுக்காக வரைபவனே அதைப் பற்றித் தலைவருக்கும் யோசனை சொல்வானாயின், அந்த யோசனையில் யார் நம்பிக்கை வைப்பர்? அவருடைய விடாமுயற்சியினாலும், மோதிலால் நேரு 1928இல் கொண்டுவந்த தீர்மானத்தினாலும், 1929 ஜனவரியில் சபைக்கெனத் தனி இலாகா உருவாயிற்று. அரசியல் சாசனத்தின் 98ஆம், 187ஆம் விதிகள் வகுக்கும் தனிச் செயலகங்களுக்கு வித்து அதுவே.

நியமன முறையிலும் இந்த வேற்றுமை தொடர்கிறது. மக்களவைச் செயலாளர் நாயகத்தை அவைத் தலைவரே நியமிக்கிறார். தலைவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். ஆகவே ஆட்சி மாறியதும், பழைய தலைவர் வைத்த ஆள் என்னும் ஐயம் நேர்மையான ஊழியர்மேலும் படிவது எளிது. இலங்கையில் செயலாளர் நாயகத்தை ஜனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு நியமிக்கிறார். நோயுற்றாலோ, பாராளுமன்றமே வேண்டிக்கொண்டாலோ அன்றி அவ்வூழியர் நீக்கத் தக்கவரல்லர். இந்தக் கவசத்தை இந்தியாவும் அணிவித்திருக்கலாமென்பது என் துணிபு. அதே சமயம், ஒரு வாக்கு ஆட்சியின் தலைவிதியை அசைக்கும் நாளில் ஓர் ஊழியரை நடுவராக நிறுத்துவது அநீதி என்றும் சொல்வேன். அங்கே இந்தியாவின் தற்காலிகத் தலைவர் முறையே மேலானது.

புதிதாக வருவோர் இவ்வூழியர்களை அணுகும் விதமும் சிந்திக்கத் தக்கது. 2024 நவம்பர் 21ஆந் தேதி இலங்கையின் புதிய பாராளுமன்றம் கூடியபோது, 225 பேரிற் பெரும்பாலோர் முதன்முறை உறுப்பினர்கள். அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதியவர் ஒருவர், எதிர்க்கட்சித் தலைவருக்கென மரபாக விடப்பட்டிருக்கும் ஆசனத்தில் அமர்ந்து, உத்தியோகஸ்தர் எடுத்துச் சொன்ன பிறகும் எழ மறுத்துவிட்டார். முதல் நாளில் ஆசனங்கள் எவருக்கும் ஒதுக்கப்படுவதில்லை என்ற அவரது வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், பிற்பாடு ஒரு கேள்வியை நிகழ்ச்சி நிரலில் ஏற்றவோ, ஒரு திருத்தத்தை எந்தப் படிவத்தில் கொடுப்பதென்று அறியவோ, அதே உத்தியோகஸ்தர்களிடந்தானே போக வேண்டும்? கலைந்த சபையில் எந்த மசோதா காலாவதியாயிற்று, எந்தக் குழு எந்தச் சாட்சியத்தோடு நின்றுபோயிற்று என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கொள்கை பற்றி அவர்களுடைய அபிப்பிராயத்தை ஒருபோதும் கேட்கலாகாது. முறை பற்றியோ, அவை கூடுவதற்கு முந்தின நாளே கேட்டுவிட வேண்டும்.

சென்னையில் ஊழியருக்கும் உறுப்பினருக்கும் பொதுமொழி தமிழாயிருப்பதால் எழாத ஒரு பிரச்சினை, இலங்கைப் பாராளுமன்றம் கூடும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் உண்டு. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் உறுப்பினர் தமிழிற் பேச உரித்துடையவராயினும், புதிய அமைச்சர் அதைக் கேட்பது உடனுக்குடன் மொழிபெயர்ப்பவரின் குரலிலேதான். ஆட்சி மாறியபின் அமைச்சர் தமிழ் உறுப்பினரின் பேச்சைக் கேட்பது அதுவே முதல் தடவையாகவும் இருக்கக்கூடும். உரையின் பிரதியொன்றை முன்கூட்டியே அந்த மொழிபெயர்ப்பாளரிடம் சேர்ப்பித்துவிட்டால், ஊர்ப் பெயர்களும், காணிகளின் விபரமும், காணாமற்போனோரின் எண்ணிக்கையும் பிழையின்றி எதிர்வரிசையைச் சென்றடையும்.