கடனோடு பிறந்த மிருகங்கள்

ஆடுபுலி ஆட்டம்தான் உலகின் முதல் ரோல்பிளேயிங் கேம் என்று சொல்லிக்கொள்வதில் சிலருக்கு இப்போது ஒரு பெருமை. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். அதில் எந்த ஆட்டுக்கும் பெயர் கிடையாது. வெட்டுப்பட்ட ஆடு ஏன் அங்கே போய் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. அது சுத்தமான கணக்கு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ‘இந்த இடத்தில் நான் என்ன செய்வேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி, பகடை விழுந்தபடி விளைவை ஏற்பது வேறு வித்தை. அதற்கு நம்மூரில் உறவு தேடினால் தெருக்கூத்துக்குப் போகலாம். கோயில் தரையில் கீறிய ஆடுபுலிக் கோடுகளுக்கு அல்ல.

விலங்குகளே பாத்திரங்களாகும் ஆட்டங்களின் சரித்திரம் சுருக்கமானது. 1974இல் ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கே தொடக்கமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. இரண்டே வருடத்தில் முயல்களாக ஆடும் ‘பன்னீஸ் அண்ட் பர்ரோஸ்’. 1983இல் ‘அதர் சன்ஸ்’ மிருகங்களை விண்வெளிக்கு ஏற்றியது. 1985இல் எரிக் வூஜிக் வடிவமைத்த நிஞ்ஜா ஆமைகள் ஆட்டத்தில் கையும் பேச்சும் நிமிர்ந்த நடையும் தனித்தனி விலைக்கு வந்தன. கைவசமுள்ள புள்ளிகளை எண்ணிப் பார்த்து, பேச்சை வாங்குவதா விரல்களை வாங்குவதா என்று யோசிக்க வேண்டும். கெட்டிக்காரத்தனமான விதி.

உச்சம் 1988தான். அந்த வருடம் ஸ்டீவ் கல்லாச்சியின் காமிக்ஸிலிருந்து ‘ஆல்பிடோ’ ஆட்டம் வந்தது. தங்களைப் படைத்தது யார் என்றே அறியாத மிருகங்களின் நாகரிகம் அது. எர்மா ஃபெல்னா என்ற பூனை அங்கே ராணுவ அதிகாரி. அதே வருடம் வந்த ‘ஜஸ்டிஃபையர்ஸ்’ இன்னும் கொடூரம். கம்பெனிகள் மனித, மிருக மரபணுக்களைக் கலந்து ‘பீட்டா’க்களை உற்பத்தி செய்கின்றன. பிறப்பித்த செலவு முழுவதும் அவர்கள் தலையில் கடன். அபாயமான கிரகங்களில் உழைத்து அடைத்தால்தான் விடுதலை.

பிறகு வந்தவை பெரும்பாலும் அழகு பார்க்கும் ஆட்டங்கள். 1999இன் ‘அயர்ன்கிளா’வில் வாளேந்திய நரிகள், 2008இன் ‘மவுஸ் கார்டு’இல் போர்வை போர்த்திய எலிகள். நேர்த்தி உண்டு, அந்தப் பழைய உறுத்தல் இல்லை.

தமிழில் இப்படி ஒரு ஆட்டம் செய்தால் நாம் கையிலெடுக்க வேண்டியது ‘ஜஸ்டிஃபையர்ஸ்’இன் உறுத்தலைத்தான். சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாய் தமிழ் வாசகனுக்கு எப்போதோ சொந்தக்காரனாகிவிட்டது. ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கு 1948 முதல் சமாதி இருக்கிறது. மிருகத்தை ஒரு ஆளாக மதிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. முன்பணம் வாங்கிய பாவத்துக்குச் சூளையில் குடும்பத்தோடு அடைபடுவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

ஒரு விதியை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்க ஆட்டத்தில் கடனை அடைத்தால்தான் விடுதலை. நம் 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் அந்தக் கடனே செல்லாது. வாங்க வேண்டியது விடுதலைச் சான்று. எனவே கதை வேற்றுக் கிரகத்தில் நடக்க வேண்டியதில்லை, திருவண்ணாமலை மாவட்டத்தின் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் நடக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பாதி நாய், பாதி மனிதனான ஒருவன் மனுவோடு நிற்கிறான். அவன் ‘தொழிலாளி’யா, கம்பெனியின் ‘சொத்தா’? அதிகாரியாக ஆடுபவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். லேசர் துப்பாக்கி எதுவும் இதைவிடக் கடினமான பகடையை உருட்ட வைக்காது.