ஆற்றுப்படையும் சுற்றுலாக் கையேடும்: சித்தியவான் வழியில் ஒரு நோக்கு

சித்தியவான் என்னும் ஊர்ப்பெயருக்கு வழங்கும் கதையில் இரண்டு யானைகள் வருகின்றன. சேற்றில் சிக்கிய ஒன்றைவிட்டு நீங்காமல் மற்றொன்று உடன் நின்றதாகவும், உண்மைத் தோழமையைக் குறிக்கும் 'செத்தியா கவான்' என்னும் மலாய்த் தொடரே ஊர்ப்பெயராகத் திரிந்ததாகவும் கூறுவர். மஞ்சோங் வட்டாரத்துக்கு வரும் பயணிகளுக்கென எழுதப்படும் கையேடுகள் இக்கதையை விரும்பிச் சொல்கின்றன. அதனையடுத்துச் சித்தியவானின் கொம்பியா ரொட்டி, லுமுட் படகுத்துறை, பங்கோர்த் தீவின் கடற்கரைகள், அங்குள்ள டச்சுக் கோட்டை எனப் பட்டியல் நீளும். இப்பட்டியலில் தமிழர் எங்கே என்று தேடினால், பெரும்பாலும் ஒரு கோபுரப் படமாகவும் 'வண்ணமயமான திருவிழா' என்னும் தேய்ந்த தொடராகவுமே எஞ்சுகின்றனர். இடம் சொல்லப்படுகிறது, இடத்துக்குரியவர் சொல்லப்படுவதில்லை. இவ்வகை எழுத்தின் அடிப்படைக் குறை இதுவே எனலாம்.

வழிச்செல்வோர்க்கு வழி சொல்லும் எழுத்து தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், 583 அடிகளில் நன்னனது நாட்டுக்குச் செல்லும் வழியை விரிக்கிறது. பரிசில் நாடிச் செல்வோரையும் இன்றைய சுற்றுலாப் பயணியையும் ஒன்றெனக் கொள்ள இயலாது என்பது உண்மையே. ஆயினும், புதியோர் ஒருவர் பிறர் நிலத்துள் எவ்வாறு நுழைதல் வேண்டும் என்னும் வினாவுக்கு இப்பாட்டு தரும் விடை கூர்ந்து நோக்கத்தக்கது. இடர்மிக்க இடங்களை முன்கூட்டியே சொல்கிறது. தினைப்புனம் காப்போர் விலங்குகளை நோக்கி எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கிச் செல்லச் சொல்கிறது. பெயர் பொறித்து நட்ட கற்களைக் கண்டால் மரபுப்படி இசைத்துச் செல்லச் சொல்கிறது. கவர்த்த வழிகளில் புல்லை முடிந்து, பின்வருவோர்க்கு அடையாளமிட்டுச் செல்லவும் சொல்கிறது. வழியிலுள்ளார் காட்சிப்பொருளாக நிற்பதில்லை; உழைக்கின்றனர், உணவளிக்கின்றனர், அவர்தம் இறந்தோர்க்குப் பெயர் உண்டு.

பெயருடன் நின்ற அக்கற்களை எண்ணும்போது பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை நினைவுக்கு வருகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சுமித் 1926ஆம் ஆண்டு லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற கட்டடம் அது. அதன் பணிக்குச் சென்னைப் பகுதியிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் கொள்ளைநோய்க்கு இரையாயினர் என்றும், எஞ்சியோரின் வேண்டுகோளால் அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது என்றும் கூறப்படுகிறது. கோயிலின் மேற்பகுதியில் தெய்வ உருவங்களிடையே ஐரோப்பிய உடையணிந்த உருவம் ஒன்றும் உண்டு. அதனைச் சுமித்தின் உருவம் என்பர். இத்துணை செறிந்த ஒரு வரலாற்றைச் சுற்றுலாத் தொழில் என்ன செய்தது? பேய்க்கதையாக்கி விற்றது. முதலாளியின் பெயரை மாளிகை சுமக்கிறது. தொழிலாளர் பெயரற்ற ஆவிகளாயினர். இதனைப் பண்பாட்டு இழிவு என்று கூறுவதில் எனக்குத் தயக்கமில்லை.

சித்தியவானில் நிலைமை வேறு. இங்கு இழிவைக் காட்டிலும் மறதியே மிகுதி. 1903ஆம் ஆண்டு மெத்தடிஸ்ட் திருச்சபையின் துணையுடன் குடியேறிய பூச்சாவ் சீனர்களின் வரலாற்றைச் சொல்ல அவ்வூரில் அருங்காட்சியகம் உண்டு. போற்றத்தக்க முயற்சி அது. பால்மரம் வெட்டிய தமிழரின் வரலாறோ கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. பால்மரங்கள் நின்ற நிலங்களைச் செம்பனை கொண்டது. லயத்து வீடுகள் மறைய, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளி, தோட்டத்தவர் இல்லாமலே நிற்பதையும் காண்கிறோம்.

மாசிமகத்தன்று லுமுட்டிலிருந்து படகேறிப் பங்கோர்ப் பத்திரகாளியம்மன் கோயிலுக்குச் செல்வோருள் இவ்வாறு பெயர்ந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் உள்ளனர். அவர்களுக்கு இது கலைந்த ஊர் ஆண்டுக்கொருமுறை கூடும் நாள். அருள் வந்து ஆடும் பெண்ணின் முகத்துக்கெதிரே படக்கருவியை நீட்டும் பயணி இதனை அறியான். அவனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. படகு நடத்துவோரும் விடுதியாளரும் விழாவுக்கு முன்பே கோயில் நிர்வாகத்தாருடன் கலந்து, எங்கு நிற்கலாம், எதனைப் படமெடுக்கலாகாது, காலணியை எங்கே களைய வேண்டும் என்று பயணிகளுக்கு முன்னறிவித்தல் அரிய செயலன்று. வழிகாட்டிகளாக உள்ளூரிலேயே வளர்ந்தோரை அமர்த்துவதும் அத்தகையதே. 1999ஆம் ஆண்டு உலகச் சுற்றுலா அமைப்பு ஏற்ற நன்னெறிக் கோவையும் விருந்தோம்பும் மக்களின் மரபை மதித்தலையே முதற்கண் வலியுறுத்துகிறது.

வெளியார் வரவே வேண்டா என்போரும் நம்மிடையே உளர். அதனை ஏற்க இயலவில்லை. பராமரிப்புக்குப் பொருள் தேடும் கோயில்களுக்கும், வேலை தேடி வெளியேறும் இளைஞர்க்கும் பயணியின் வருகை பயன்படும். வருவோர் வருவர் என்பதும் தெளிவு. 2026ஆம் ஆண்டு மலேசியா வருகை ஆண்டாக அறிவிக்கப்பட்டுள்ளது. வருவோர் கையில் யாருடைய எழுத்து இருக்கும் என்பதே வினா.

இவ்விடத்தில் குற்றம் நம்மையும் சாரும். ஆற்றுப்படையை இலக்கணம் கூறி, பாட்டுடைத் தலைவனைக் கூறி, தேர்வுக்குரிய பாடமாக முடித்துவிடுகிறோம். அவ்விலக்கிய வகையைக் கொண்டு மாணவரைத் தம் ஊருக்கு வழி எழுதச் செய்தோமில்லை. ஈப்போவிலிருந்து சித்தியவான் வழியாக லுமுட் செல்லும் சாலையில் எந்த வளைவில் எத்தோட்டத்தின் லயம் நின்றது, எந்தக் கோயில் எங்கிருந்து பெயர்ந்து வந்தது, பிரட்டுக்களத்தில் யார் பெயர் வாசித்தார் என்பவற்றைச் சொல்ல வல்லோர் ஆயர் தாவாரிலும் சித்தியவானிலும் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் பலர் எண்பதைக் கடந்தவர்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குச் சென்று அமர மாணவர் இருவர் போதும்.