வலிக்கு முன்னால் நம்பிக்கை: ஹிலாரி மேன்டலின் நினைவுக்குறிப்பை முன்வைத்து

எனக்குப் பதினாறு வயதில் ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டு நாள் பாத்ரூம் தரையில் சுருண்டு கிடப்பேன். வாந்தி வரும், கால் இரண்டும் இழுக்கும். அம்மா மோரில் வெந்தயம் போட்டுத் தருவாள். பக்கத்து வீட்டு அத்தை, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்டி" என்பார். ஒரு டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

இந்தப் பின்னணியோடுதான் ஹிலாரி மேன்டலின் 'கிவிங் அப் த கோஸ்ட்' (2003) புத்தகத்தைப் படித்தேன். அதனால் இது நடுநிலையான விமர்சனம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேன்டல் பின்னாளில் புக்கர் பரிசை இரண்டு முறை வென்ற இங்கிலாந்து நாவலாசிரியர். கல்லூரி மாணவியாக இருந்தபோது வயிற்றிலும் காலிலும் வலி என்று டாக்டரிடம் போகிறார். மனச்சோர்வு மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்து மனநல மருத்துவர். அதற்கடுத்து இன்னும் கடுமையான மனநோய் மருந்துகள். அந்த மருந்தால் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கிறார். அந்தத் தவிப்பும் பைத்தியத்தின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறது. புத்தகத்தில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். நோயாளி வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் அது அவளுக்கு எதிரான சாட்சியாக மாறிவிடுகிறது.

பிறகு கணவரோடு போட்ஸ்வானா போகிறார். அங்கே ஒரு மருத்துவப் புத்தகத்தைத் தானே புரட்டி, தனக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டுபிடிக்கிறார். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வேறு இடங்களில் வளரும் நோய் அது. 27 வயதில் லண்டனில் அறுவை சிகிச்சை. கருப்பையும் சினைப்பைகளும் போகின்றன. தலைப்பில் வரும் பேய்களில் ஒன்று, அவருக்குப் பிறக்காமலே போன மகள்.

இந்த நோய்க்கதை வரும் பகுதிக்கு அவர் வைத்த பெயர், கணக்குப் பரீட்சையில் சொல்வதுபோல 'வழிமுறையைக் காட்டு' என்ற பொருளில் இருக்கும். பொருத்தமான பெயர். விடை சரியாக இருந்தாலும், எப்படி வந்தது என்று நிரூபித்தால்தான் மார்க். வலிக்கு அத்தாட்சி கேட்கும் உலகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்தப் புத்தகத்தைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. தானே நோயைக் கண்டுபிடித்த கட்டத்தை வீரக்கதையாகப் படிக்கிறார்கள். எனக்கு அது தோல்விக்கதை. அவருடைய தோல்வி அல்ல, கேட்காத காதுகளின் தோல்வி. அவருக்குப் படிப்பும் பிடிவாதமும் இருந்தன. அவை இல்லாதவளுக்கு என்ன வழி?

இன்னொரு ஆபத்தும் உண்டு. அவசரமாகப் படித்தால் 'கருப்பையை எடுத்தால் தீர்ந்தது' என்று தோன்றலாம். நம் ஊரிலும் "எடுத்துடுங்க, தொல்லை விட்டுது" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். மேன்டலுக்குத் தீரவில்லை. நோய் திரும்பி வந்தது. சிகிச்சையில் உடம்பு அடையாளமே தெரியாமல் பருத்தது. அவரே இதை எழுதியிருக்கிறார். படிப்பவர்கள்தான் தாண்டிப் போகிறார்கள்.

புத்தகத்தில் கிடைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண மாதவிடாய் வலிக்கே ஒரு உடல் காரணம் உண்டு. கருப்பைச் சவ்வில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் தசையை இறுக்கிப் பிழிகிறது. மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அதன் உற்பத்தியைத்தான் குறைக்கின்றன. அதனால் வலி உச்சிக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போடுவதைவிட, ஆரம்பத்திலேயே, சாப்பிட்டுவிட்டுப் போடுவது நல்லது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சுடுதண்ணீர்ப் பை வெறும் ஆறுதல் இல்லை, உண்மையாகவே உதவும். ஹார்மோன் மாத்திரை அடுத்த படி.

இவ்வளவுக்கும் வலி அடங்கவில்லை என்றால், அதுவே ஒரு தகவல். "உனக்குப் பொறுமை இல்லை" என்பதல்ல அதன் அர்த்தம், "உள்ளே வேறு ஏதோ இருக்கிறதா பாருங்கள்" என்பது. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது.

புத்தகத்தை முடித்த பிறகு மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: எந்த நாள், எங்கே வலி, எத்தனை மாத்திரை, எந்த வேலை கெட்டது. வேறொரு டாக்டரிடம் அதை நீட்டினேன். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, "மாத்திரை போட்டும் குறையலையாம்மா?" என்றார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு என்ன நோய் என்று இன்னும் முடிவாகவில்லை. அன்றைக்கு வலியும் குறையவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதுகொண்டே வந்தேன், நிம்மதியில்.