மனச்சான்றும் வாக்குச்சீட்டும்

1963ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வாஷிங்டனில் இரு குடியரசுத் தலைவர்கள் சந்தித்தனர். ஒருவர் ஜான் கென்னடி. அமெரிக்க நாட்டின் முதல் கத்தோலிக்கத் தலைவர். மற்றவர் நம் திருத்தணி மண்ணில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அதே நாளில் உரோமையில் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் இறைவனடி சேர்ந்தார். அதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன்புதான் அவர் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி, நல்மனம் கொண்ட மாந்தர் அனைவருக்கும் எழுதப்பட்ட மடல் அது.

தற்செயலாக ஒரே நாளில் கூடிவந்த இம்மூவரையும் ஒருங்கே நினைக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. நாட்டின் தலைவரைத் தேர்ந்துகொள்ளும் கிறிஸ்தவர் அவரை எதைக் கொண்டு எடைபோட வேண்டும்? அவருடைய சமயத்தைக் கொண்டா? அவர் போற்றுவதாகச் சொல்லும் விழுமியங்களைக் கொண்டா? அவரது ஆட்சியால் எளியோருக்கு விளையப்போவதைக் கொண்டா? அமெரிக்கத் தேர்தல்களில் 'கிறிஸ்தவ விழுமியங்கள்' பெரும் ஆற்றலாக இயங்கி வருகின்றன. அந்த ஆற்றலைப் பார்த்து வியப்போரும் வெறுப்போரும் நம்மிடையே உண்டு. வியப்பையும் வெறுப்பையும் சற்றே ஒதுக்கிவைத்து, அதன் உட்பொருளை ஆய்வது நமக்கு நலம் பயக்கும்.

ஹூஸ்டன் உரை

1928இல் நியூயார்க் ஆளுநராயிருந்த அல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அவரை வீழ்த்திய காரணங்களுள் சமயக் காழ்ப்பும் ஒன்று. கத்தோலிக்கர் தலைவரானால் நாட்டை ஆள்வது திருத்தந்தையே என்ற அச்சம் பரப்பப்பட்டது. 32 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அச்சம் தணியவில்லை. எனவே 1960 செப்டம்பர் 12 அன்று டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், புரட்டஸ்தாந்து போதகர்கள் முன்னிலையில் கென்னடி தம் நிலையை விளக்கி உரையாற்றினார்.

அவ்வுரையின் சாரத்தை மூன்று கூறுகளாகப் பிரிக்கலாம். அரசும் சமயமும் முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும் என்பது முதலாவது. பொது விவகாரங்களில் தம் திருச்சபையின் சார்பில் தாம் பேசுவதில்லை. தம் சார்பில் திருச்சபையும் பேசுவதில்லை என்பது இரண்டாவது. பதவிக் கடமையும் மனச்சான்றும் மோதும் நிலை வந்தால் பதவியைத் துறப்பேன் என்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது, மூன்றாவதை மறந்துவிட்டது. உரையின் உயிர்நிலையோ மூன்றாவதில்தான் இருக்கிறது. மனச்சான்றுக்குக் கீழே பதவியை வைக்கத் துணிபவரே ஆளத் தகுதியுடையவர் என்பது பழுதற்ற கிறிஸ்தவச் சிந்தனை. ஆயினும் உரை முழுவதும் சமயம் தனிமனித விவகாரமாகவே சுருங்கி நிற்கிறது. 2010 மார்ச்சில், அன்று டென்வர் பேராயராயிருந்த சார்லஸ் சாபூ, அதே ஹூஸ்டன் நகரில் பேசியபோது இக்குறையைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். அவரது கண்டனத்தில் உண்மை உண்டு. நம்பிக்கை பொதுவாழ்வில் நுழையவே கூடாதென்றால், 1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் என்னும் போதகர் வாஷிங்டனில் நீதி கேட்டு எழுப்பிய குரலுக்கு இடம் ஏது?

உரையில் மற்றொரு கருத்தும் உண்டு. சமயம் பார்த்து வாக்களிக்க வேண்டாம் என்று கென்னடி புரட்டஸ்தாந்து மக்களிடம் கேட்டார். கத்தோலிக்க வாக்கு என்று ஒன்று இருக்கலாகாது என்றும் அவர் அங்கே சொன்னார். ஆயினும் அத்தேர்தலில் கத்தோலிக்கருள் நான்கில் மூவருக்கு மேல் அவருக்கே வாக்களித்தனர் என்று கருத்துக் கணிப்புகள் காட்டின. பிறர் செய்தால் காழ்ப்பு, நாம் செய்தால் பற்று என்ற இரட்டை அளவுகோல் அங்கே இருந்தது. அது அமெரிக்கருக்கு மட்டும் உரிய குறை அன்று.

விழுமியங்களின் அரசியல்

1973இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கருக்கலைப்பை அரசமைப்பு தரும் உரிமையாக அறிவித்தது. அதன்பின் நிலைமை மாறியது. 1979இல் ஜெரி பால்வெல் என்னும் பாப்டிஸ்டு போதகர் 'அறநெறிப் பெரும்பான்மை' என்று பொருள்படும் அமைப்பைத் தொடங்கினார். பிறவாக் குழந்தையின் உயிர், திருமணத்தின் புனிதம், பள்ளிகளில் செபம் ஆகியவை தேர்தல் மேடைக்கு வந்தன. இக்கவலைகளை ஏளனம் செய்வோருடன் நாம் சேர இயலாது. கருவில் உருவாகும் உயிரைக் காப்பது திருச்சபையின் தொன்மையான போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதை ஐயத்துக்கு இடமின்றி உரைத்தது. பழமை போற்றும் கிறிஸ்தவர் இதைத் தம் வாக்குக்கு அளவுகோலாக்கியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த அளவுகோல் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பார்ப்போம். 1980இல் தலைவராயிருந்த ஜிம்மி கார்ட்டர் ஞாயிறுப் பள்ளியில் மறைக்கல்வி கற்பித்தவர். ஒரே மனைவியோடு வாழ்ந்தவர். அவரை எதிர்த்த ரொனால்டு ரீகன் மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவர். 1967இல் கலிபோர்னியா ஆளுநராக, கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் ஒப்பமிட்டவர். ஆயினும் குடும்ப விழுமியங்களின் பெயரால் திரண்ட இயக்கம் ரீகனையே ஆதரித்தது. தம் முந்தைய செயலுக்கு அவர் வருந்தியதாகக் கூறினார். மனம் மாறியவரை ஏற்பது நற்செய்திக்கு உகந்ததே. ஆனால் இயக்கம் எடைபோட்டது வாழ்வை அன்று, வாக்குறுதியை என்பதை மறுக்க இயலாது.

2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவருள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் டொனால்டு டிரம்பை ஆதரித்தனர். அவர்கள் வேண்டிய பலனும் கிட்டியது. அவர் நியமித்த மூன்று நீதிபதிகளும் இடம்பெற்ற உச்சநீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று 1973ஆம் ஆண்டின் தீர்ப்பை நீக்கியது. அதே விவிலியத்தை வாசித்து, குடும்ப ஒழுக்கத்தில் அதே கண்டிப்பைக் காக்கும் கறுப்பினத் திருச்சபைகளின் மக்களோ பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மறுபக்கமே நின்றனர். விழுமியம் ஒன்றாயிருக்க, வாக்கு ஏன் இரண்டாயிற்று? அடிமை வணிகத்தையும் நிறவெறியையும் அனுபவித்தவர்களின் காதில் நற்செய்தியின் வேறொரு பகுதி உரக்க ஒலிக்கிறது. எந்த விழுமியத்துக்கு முதலிடம் என்பதை நம் வரலாறும் இனமும் வருமானமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அதை அறியாதவர் தம் சார்பையே இறைவனின் விருப்பமாக எண்ணிவிடுகிறார்.

திருச்சபையின் துலாக்கோல்

1983இல் சிகாகோவின் கர்தினால் பெர்னார்தின், கருக்கலைப்பு, மரணதண்டனை, அணு ஆயுதம், வறுமை ஆகியவற்றை ஒரே உயிர்நெறியின் இழைகளாகக் காணவேண்டும் என்றார். சிலுவையடியில் சீட்டுப் போடப்பட்ட ஆண்டவரின் தையலில்லா அங்கி இக்கருத்துக்கு உவமையாயிற்று. இதில் ஓர் இடர் இருந்தது. நூறு சிக்கல்களுள் ஒன்றாகக் கருக்கலைப்பைக் கரைத்துவிட இதைப் பயன்படுத்தினோர் உண்டு. அமெரிக்க ஆயர்கள் அதை முதன்மையான சிக்கல் என்று பின்னர் வலியுறுத்தியதன் காரணம் இதுவே.

2004இல் கர்தினால் இராட்சிங்கர் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய குறிப்பு நுட்பமானது. கருக்கலைப்பை ஆதரிப்பவர் என்பதற்காகவே ஒருவருக்கு வாக்களிப்பது தீமைக்கு உடன்படுவது. ஆனால் அவருடைய அந்த நிலைப்பாட்டை ஏற்காமல், தகுந்த எடையுள்ள வேறு காரணங்களுக்காக வாக்களிப்பது ஏற்கத்தக்கதாகலாம் என்றார் அவர். 'தகுந்த எடை' என்பதை யார் நிறுப்பது? வாக்காளரின் மனச்சான்றே. 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், குடியேறிகளைத் துரத்துவதும் பிறவாக் குழந்தையைக் கொல்வதும் ஆகிய இரண்டுமே உயிருக்கு எதிரானவை என்றார். குறைந்த தீமையை அவரவர் மனச்சான்றின்படி தேர்க என்றார். எளிதான விடை தராததற்காகச் சிலர் அவரைக் குறைகூறினர். எளிதான விடை இல்லாத இடத்தில் அதைத் தர மறுப்பதும் மேய்ப்பரின் நேர்மையே.

நம் மண்ணில்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நாம் குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். திருத்தணியின் சட்டமன்ற உறுப்பினர் இடும் வாக்குக்கு, தமிழகத்தின் மற்ற 233 பேருடையதைப் போலவே, 176 மதிப்பு. அதில் கட்சிக் கொறடாவின் ஆணைக்கு இடமில்லை. எனவே நம் வாக்கு அவர் வழியாக அங்கேயும் சென்று சேர்கிறது.

2012இல் கத்தோலிக்கர் ஒருவர் அப்பதவிக்குப் போட்டியிட்டார். காரோ பழங்குடியில் பிறந்து மக்களவைத் தலைவராக உயர்ந்த பி. ஏ. சங்மா அவர். தமிழகத்தின் அன்றைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வும் ஒடிசாவின் பிஜு ஜனதா தளமும் அவரை முன்மொழிந்தன. பாரதீய ஜனதாவும் பின்னர் ஆதரித்தது. பிரணாப் முகர்ஜி 7,13,763 வாக்கு மதிப்புப் பெற்று வென்றார். சங்மா பெற்றது 3,15,987. சங்மா ஆதரவு கேட்டது கிறிஸ்தவர் என்றல்ல; பழங்குடியினருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும் என்றே கேட்டார். 'நம்மவர்' என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தாங்கியிருக்க வேண்டும் என்போர், இராதாகிருஷ்ணனை என்ன செய்திருப்பர்?

அவர் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற மிஷனரிகளின் குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவே தம் முதுகலை ஆய்வுரையை எழுதினார். கிறிஸ்தவ மறைப்பணியை வாழ்நாளெல்லாம் விமரிசித்தவரும் அவரே. சமய அடையாளமே அளவுகோலானால் அவர் நமக்கு எதிரி. ஆட்சியறமே அளவுகோலானால் நாம் மதிக்க வேண்டிய தலைவர்.

விழுமியங்கள் சட்டமாவதற்கு வேறொரு வழி உண்டென்பதைத் தமிழகமே காட்டியிருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994இல் கருவின் பாலறியும் சோதனையை முறைப்படுத்தி, தவறான பயனைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. இவற்றைக் கிறிஸ்தவரின் வெற்றி என்று எவரும் சொல்லவில்லை. இந்துவும் இசுலாமியரும் இறைமறுப்பாளரும் ஏற்கத்தக்க காரணங்களோடு உயிரின் மாண்பு அங்கே பேசப்பட்டது. 23ஆம் அருளப்பர் நல்மனம் கொண்டோர் அனைவரையும் விளித்து எழுதியதன் பொருளும் இதுவே.

மறுபுறம், குடியரசுத் தலைவரின் ஒப்பம் நம் மக்களின் வாழ்வை எப்படித் தொடும் என்பதற்கு 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் ஆணை சாட்சி. அட்டவணைச் சாதியினருக்குரிய உரிமைகளிலிருந்து தலித் கிறிஸ்தவரை அது விலக்கிவைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நம் மக்கள் இன்றளவும் காத்திருக்கின்றனர். இந்நீதி கிறிஸ்தவ விழுமியம் இல்லையா? பிறவா உயிருக்காக மன்றாடும் நாம், பிறந்த உயிரின் இழிவை நீக்க வேட்பாளரிடம் என்ன கேட்டோம்? வாக்குச்சாவடிக்குள் நுழையும்போது மறைக்கல்வியை வெளியே விட்டுச் சாதியை மட்டும் உள்ளே கொண்டுசெல்வோர் நம்மிடையே இல்லையா? கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை காத்த திருச்சபைக்கு, அமெரிக்கரின் முரண்பாட்டைச் சுட்ட உரிமை சற்றுக் குறைவே.

திருத்தணியில் நாம் சிறு மந்தை. ஆடிக் கிருத்திகையில் காவடி ஏந்தி மலையேறும் பெருங்கூட்டத்தின் நடுவே வாழ்கிறோம். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, எல்லைப் போராட்டத்துக்குப் பின் தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் இம்மக்களை ஒரே அடையாளத்துக்குள் அடக்க முடியாது. அந்தப் பெருங்கூட்டம், 'எங்கள் சமய விழுமியங்களைக் காப்பவருக்கே எங்கள் வாக்கு. மற்றவர் எப்படியும் போகட்டும்' என்று முடிவு செய்தால் நம் கதி என்ன? அவர்கள் அப்படிச் செய்யக் கூடாது என்று நாம் விரும்புகிறோம். பிறர் நமக்குச் செய்ய வேண்டுமென விரும்புவதையே நாம் பிறருக்குச் செய்ய வேண்டும் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் தந்த கட்டளைக்கு வாக்குச்சாவடியில் விதிவிலக்கு இல்லை. பெரும்பான்மையாயிருக்கும் அமெரிக்கக் கிறிஸ்தவர் எளிதில் மறந்துவிடக்கூடிய இவ்வுண்மை, சிறுபான்மையாயிருக்கும் நமக்கு அன்றாடப் பாடம்.

எனவே அடுத்த முறை வேட்பாளர் நம் ஆலய முற்றத்துக்கு வரும்போது, மாலையையும் வாழ்த்தையும் பின்னுக்கு வைத்து மூன்று கேள்விகளை முன்னுக்கு வைப்போம். கருவிலும் சேரியிலும் முதியோர் கட்டிலிலும் இருக்கும் உயிருக்கு நீர் என்ன செய்வீர்? எமக்கு நீர் தருவதாகச் சொல்லும் உரிமையை எம்மினும் சிறிய கூட்டத்தாருக்கும் தருவீரா? உம் மனச்சான்று மறுப்பதை உம் கட்சி கேட்டால், கென்னடி சொன்னதுபோலப் பதவியைத் துறக்க ஒருப்படுவீரா? இவற்றை அவரிடம் கேட்குமுன் நம் பங்கின் அன்பியக் கூட்டங்களில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.